கனத்த சத்தம் தேடிக் காரைக்கால் போன கதை

நானும் வெளிநாடு போய் வந்தவன்தான். காலையில் கும்பகோணத்தில் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அந்த வெளிநாட்டில் இலை போட்டுவிடுவார்கள். அவ்வளவுதான் தூரம். காரைக்காலில் அப்போது பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது. ஊர் நம் ஊர், பேச்சு நம் பேச்சு, நெல்லும் நம் நெல்தான். நடுவில் ஒரு மூங்கில் தடையும் சுங்கச் சாவடியும் இருந்ததால் அது அயல்நாடு ஆகிவிட்டது.

என் தொழில் ரேடியோ ரிப்பேர். கல்யாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டுவதும் உண்டு. ஒருநாள் காசிம் மரைக்காயரிடமிருந்து கடிதம் வந்தது. சைகோனில் இருபது வருஷத்துக்கு மேல் துணி வியாபாரம் செய்துவிட்டுச் சொந்த ஊரான காரைக்காலுக்குத் திரும்பியவர். எப்போதோ ஒருமுறை என் கடையில் ரேடியோவைப் பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறார். தன் வீட்டில் ஒரு ஹார்ன் பெட்டி இருக்கிறது, கோட்டுச்சேரியில் கோவிந்தசாமி என்பவர் வீட்டில் இன்னொன்று இருக்கிறது, இரண்டில் எதில் கனத்த சத்தம் அதிகம் என்று நான் வந்து கேட்டுச் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தார். சீக்கிரம் வரவும் என்று முடித்து, 'சீக்கிரம்' என்பதன் அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். பிரசவ வலிக்கு மருத்துவச்சியைக் கூப்பிடுகிற அவசரம் இதில் என்ன இருக்கிறது என்று நான் சிரித்தேன்.

ஹார்ன் என்றதும் கல்யாணப் பந்தலில் மூங்கிலில் கட்டுகிற தகரக் குழாயை நினைத்துக்கொள்ள வேண்டாம். அது நாலு தெருவுக்குக் கத்தும், ஆனால் மிருதங்கத்தில் கனத்த சத்தம் தருகிற இடப்பக்கமான இடந்தலை அதில் தகர டப்பாவைத் தட்டியது மாதிரி கேட்கும். கனத்த சத்தம் வரவேண்டுமானால் குழாய் நீளமாகவும் வாய் அகலமாகவும் இருக்க வேண்டும். அப்படி ஒன்றை வீட்டில் வைத்தால் மனிதர்கள் தெருவில்தான் படுக்க வேண்டும். அதனால் வெள்ளைக்காரன் அந்த நீளக் குழாயை மடித்து மடித்து ஒரு மர அலமாரிக்குள் அடக்கிவிட்டான். இதைப் புத்தகத்தில் படித்திருந்தேனே தவிர நேரில் பார்த்ததில்லை. கடையைப் பூட்டிவிட்டு, சோதனைக்கு ஒன்பது இசைத்தட்டுகளையும் கருவிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சுங்கச் சாவடியில் நம் பக்கத்து அதிகாரிக்கு என்மேல் பெரிய சந்தேகம் வந்தது. காரைக்காலிலிருந்து கைக்கடிகாரமும் சீமைச் சரக்கும் ஒளித்துக் கொண்டுவருகிறவர்களைத்தான் அவருக்குத் தெரியும். இங்கிருந்து அங்கே பாட்டுத் தட்டு எடுத்துப்போகிறவனை அவர் பார்த்ததே இல்லை. எல்லாத் தட்டுகளையும் வெளியே எடுத்து வெயிலில் கிடந்த மேஜைமேல் பரப்பினார். நான் ஒன்றிரண்டின்மேல் துண்டைப் போட்டேன், அதையும் எடுத்துவிட்டார். கனத்த சத்தத்தை ஒப்பிடப் போகிறேன் என்ற உண்மையைச் சொன்னேன். அதற்குப் பிறகு சந்தேகம் இன்னும் கூடிவிட்டது.

அரைமணி நேரம் கழித்து ஒன்பது தட்டும் திரும்பி வரவேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டார். அதற்குள் என் அருமையான தவில் தட்டு அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. இன்னும் மூன்றும் அதே கதி. மிச்சமிருந்ததில் இடந்தலைச் சத்தம் நன்றாகப் பதிவானது ஒரே ஒரு தட்டுதான். ஒருவர் புல்லாங்குழல் வாசிக்க, ஒருவர் மிருதங்கம் வாசித்தது. அந்தப் பக்கம் சிவப்புத் தொப்பி போட்ட பிரெஞ்சு சர்க்காரின் தமிழ்ச் சிப்பாய் என் பெட்டியைத் திறக்கவே சொல்லவில்லை. கும்பகோணத்தில் மழை உண்டா என்று மட்டும் கேட்டார். அவர் மாமனாருக்கு அங்கே நிலம் இருக்கிறதாம்.

காரைக்கால் தெருக்கள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி நேராக இருக்கின்றன. எங்கள் ஊரில் ஒரு தெரு கோயிலைப் பார்த்ததும் வளையும், இன்னொன்று குளத்தைப் பார்த்ததும் வளையும். அங்கே தெரு எதற்கும் வளைவதில்லை. சாக்கடையும் சுத்தம். சாராயக் கடைகள்தான் எங்கள் ஊர் வெற்றிலைக் கடைகளைவிட அதிகம். முழங்கை நீளத்துக்கு ஒரு ரொட்டி விற்கிறார்கள். அதைப் பிட்டுக் காப்பியில் நனைத்துச் சாப்பிட்டேன். ரொட்டிக்கு நூறு மார்க் போடலாம். காப்பியைப் பற்றி எதுவும் சொல்லாமலிருப்பதுதான் அயல்நாட்டு உறவுக்கு நல்லது.

மரைக்காயர் வாசலுக்கே வந்து என் பெட்டியை வாங்கிக்கொண்டார். அறுபதை நெருங்குகிற வயசு, நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி. மரைக்காயர் குடும்பங்களில் வீடு பெண்ணுக்குத்தான் சொந்தம், கல்யாணமானால் மாப்பிள்ளைதான் குடிவர வேண்டும். மரைக்காயரும் அப்படி வந்தவர். கூடத்தின் உள்வாசலில் பச்சைத் திரை தொங்கியது. அந்நிய ஆண்கள் வந்தால் வீட்டுப் பெண்கள் அதற்கு அப்பால்தான். திரைக்குப் பின்னாலிருந்து மரைக்காயரின் மனைவி, தம்பிக்கு டீயா காப்பியா என்று கேட்டார். மரைக்காயர் அதற்குப் பதில் சொல்லாமல் சைகோன் துறைமுகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். பெரிய மனிதர், யோசனையில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நானே டீ என்று சொன்னேன்.

கூடத்தின் ஒரு மூலையில் பெட்டி நின்றது. என் மார் உயரம், கறுத்த தேக்கு, முன்பக்கம் துணி, பின்பக்கம் மூலைக்கு ஏற்றபடி முக்கோணமாகச் செதுக்கியது. நாங்கள் எல்லோரும் இந்தப் பக்கத்து ஈர மண்ணில் மரச்சாமான் வைக்கிற முறைப்படியே வைத்திருந்தார்கள். அடியில் நான்கு செங்கல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. சுவரில் உப்பு பூக்கும், ஐப்பசியில் ஓதம் ஏறும், கரையான் வரும். என் கடை பீரோவே அப்படித்தான் நிற்கிறது. பொறுப்பான வீடு என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

மரைக்காயர் புல்லாங்குழல் தட்டைப் போட்டு, சத்தத்தைக் கடைசிவரைக்கும் திருகிவிட்டார். எனக்குப் பல் கூசியது. குழலின் மேல் ஸ்வரம் ஒவ்வொன்றும் ஊசி மாதிரி காதில் இறங்கியது. திரைக்கு அப்பால் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். அவரோ பெட்டிக்கு இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டு, இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று என்னைக் கேட்டார்.

நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். ஆம்ப்ளிஃபயருக்குள் போகிற கம்பியின் முனையை விரலால் தொட்டால் 'ம்ம்' என்று ஒரு கனத்த ரீங்காரம் கிளம்பும். அது எவ்வளவு கனமாக வருகிறதோ அவ்வளவு நல்ல பெட்டி. தொட்டேன். ஜலதோஷம் பிடித்த ஈ மாதிரி ஒரு சத்தம் வந்தது. கனத்த சத்தம் சுவரைத் தாண்டிப் போகும், மெல்லிய சத்தம் போகாது, அதனால் உள்ளே இருப்பவர்களின் சாட்சியும் வேண்டும் என்றேன். மரைக்காயரின் மனைவி உடனே சாட்சி சொன்னார்.

"கீச்சு கீச்சுன்னு குழல்தான் வருதுங்க தம்பி. மேளம் வரவே இல்லீங்க."

பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தேன். ஸ்பீக்கர் சரி, வால்வுகள் சரி, ஒட்டுகள் எல்லாம் சரி. சைகோனில் இதே பெட்டி நெஞ்சாங்கூட்டை உலுக்கும் என்று மரைக்காயர் சத்தியம் செய்தார். அவர் முகத்தைப் பார்த்தால் பெட்டி கெட்டுப்போனவன் முகம் மாதிரி இல்லை. அதைவிடப் பெரிய ஏதோ ஒன்றைத் தொலைத்தவர் முகமாக இருந்தது. அன்று நெய்ச்சோறும் வஞ்சிரம் மீனும் போட்டார்கள். கடைசியில் தேங்காய்ப்பாலும் முட்டையும் வெல்லமும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் வந்தது. நான் மூன்று துண்டு சாப்பிட்டேன். அவர் ஒன்றைப் பாதியில் வைத்துவிட்டார்.

மறுநாள் கோட்டுச்சேரிக்குப் பஸ் ஏறினோம். எனக்கு முன் சீட்டில் காரைக்கால்மேட்டு மீன்காரப் பெண்கள் இரண்டு பேர் கூடைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். பாதி வழியில் பஸ் புகைந்து நின்றுவிட்டது. டிரைவர் வாளியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்கு நடந்தார், ஏதோ மாலையில் காற்று வாங்கப் போகிறவர் மாதிரி.

"மெதுவாப் போயிட்டு வாய்யா," என்றாள் ஒருத்தி. "ஒன் வண்டி நின்னுச்சுன்னு மீனுக்குத் தெரியுமா? அது பாட்டுக்கு நாறும்."

இரண்டாவது வாளிக்கும் வண்டி மசியவில்லை. நாங்கள் இறங்கி நடந்தோம். இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல். கும்பகோணத்து வயலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று தேடினேன், கொக்குகள்கூட ஒரே ஜாதி. பின்னால் ஒரு சைக்கிள் மணி கேட்டது. நான் ஒதுங்கினேன். மரைக்காயர் ஒதுங்கவில்லை. மணி விடாமல் அடித்தது, அவர் நடு ரோட்டிலேயே போய்க்கொண்டிருந்தார். நான் கையைப் பிடித்து இழுக்காவிட்டால் சைக்கிள்காரர் வாய்க்காலில் விழுந்திருப்பார். போகிறபோக்கில் அவர் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

மரைக்காயர் வாய்க்கால் ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு ஒரு பூவரசு நிழலில் நின்றார்.

"தம்பி, எந்தப் பெட்டி ஒசத்தின்னு பாக்கறதுக்கு ஒங்களக் கூப்பிடல. கெட்டுப்போனது பெட்டியா, என் காதான்னு எனக்குத் தெரியணும்."

சைகோனில் காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிட்டாராம். அதிலிருந்தே காதுக்குள் ஒரு வண்டு இரைகிறதாம். ஊருக்கு வந்து பெட்டியைப் போட்டால் மேளமே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்றேன். சின்ன ஊர், காலையில் போனால் மத்தியானத்துக்குள் சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்றார். அவருடைய ஒரே மகள் ஜமீலாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம்.

தெரிந்தால்தான் என்ன, காது கேட்காத மாமனார் மாப்பிள்ளைக்கு வசதிதானே என்று நான் விளையாட்டாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"எங்க வீட்டு வழக்கத்துல பொண்ணோட சம்மதத்த வாப்பாதான் கேட்டு வாங்கணும். ரெண்டு சாட்சியோட போயி திரைக்கிட்ட நிப்பேன். அவ உள்ளேருந்து மெதுவாத்தான் சொல்லுவா, கல்யாணப் பொண்ணு கத்தியா சொல்லும்? அதக் கேட்டுட்டு நான் சபையில வந்து, எம் மக சம்மதிச்சா, எங் காதால கேட்டேன்னு சொல்லணும். கேக்காத ஒண்ண அல்லா மேல ஆணையா கேட்டேன்னு எப்படித் தம்பி சொல்லுவேன்?"

சாட்சிகளுக்குக் கேட்டால் போதாதா என்றேன். சட்டத்துக்குப் போதும், எனக்குப் போதாது என்றார். மகள் வளர்ந்த வருஷமெல்லாம் அவள் பேச்சைக் கடிதத்தில் மட்டும் படித்தவர் அவர். அந்த ஒரு வார்த்தையையாவது நேரில் கேட்க வேண்டும் என்று அவருக்கு இருந்தது. அவருடைய கடிதம் வந்த அன்று அதைப் பார்த்துச் சிரித்ததற்கு நான் அப்போது வெட்கப்பட்டேன்.

கோவிந்தசாமி பிரெஞ்சுக்காரரின் மின்சார ஆபீசில் வேலை பார்ப்பவர். விவசாயக் குடும்பம். முப்பது வயசு, வாய் நிறையச் சிரிப்பு. 'வாங்க முசே, வாங்க அண்ணே' என்று பிரெஞ்சு ஐயாவையும் நம் ஊர் அண்ணனையும் கலந்து எங்களை வரவேற்று நேராக உள்ளறைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஹார்ன் எதுவும் தெரியவில்லை. ஆள் உயரத்துக்கு ஒரு பலாமரப் பத்தாயம் நின்றது. அதுதான் ஹார்ன்.

மரைக்காயர் வீட்டுப் பெட்டியை ஒருதடவை பார்த்துவிட்டு வந்து, நெல் கொட்டுகிற பத்தாயத்துக்குள் பலகை அடித்து வளைவு வளைவாக வழி பண்ணி, ஸ்பீக்கரை உள்ளே மாட்டியிருக்கிறார் மனிதர். நெல்லெல்லாம் இப்போது சாக்கில் கிடக்கிறது. அவருடைய அப்பா இதற்காக ஒரு வாரம் மகனோடு பேசவில்லையாம். பிறகு பார்க்க வருகிறவர்களிடம் அவரே, எங்க பத்தாயம் பாடும் தெரியுமா என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாராம்.

அதே புல்லாங்குழல் தட்டைப் போட்டோம். முதல் இடந்தலை அடி விழுந்ததும் என் வயிற்றுக்குள் ஏதோ அசைந்தது. தரை அதிர்ந்தது. விரலால் கம்பியைத் தொட்டேன், கோயில் யானை பிளிறுவதற்கு முன்னால் தொண்டைக்குள் உறுமுமே, அது வந்தது. கொல்லையில் மாட்டுக்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்த கோவிந்தசாமியின் மனைவி, குழல் காதில் விழவில்லை, மேளம் மட்டும் நன்றாக வருகிறது என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

மரைக்காயர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவருடைய வலதுகை தொடையில் தாளம் போட்டது. ஒரு அடிகூடத் தப்பவில்லை. மூன்று நிமிஷமும் நான் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டு முடிந்ததும் நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, உங்கள் காதுக்கு ஒன்றுமில்லை, பழுது பெட்டியில்தான், இதற்கு நான் ஜவாப்தாரி என்றேன். பெரிய டாக்டர் மாதிரி சொன்னேன். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. என் வாயை அன்று யாராவது தைத்திருக்கலாம்.

கோவிந்தசாமி வீட்டில் இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் கொடுத்தார்கள். சாப்பிட்டுக்கொண்டே பத்தாயம் நின்ற இடத்தைப் பார்த்தேன். இரண்டு சுவரும் சேருகிற மூலையில், தரையோடு தரையாக, இடுக்கில்லாமல் சுண்ணாம்புக் காரை வைத்துப் பூசியிருந்தார். ஓதம் ஏறாதா, கரையான் வராதா என்று கேட்டேன்.

"வரும்ணே. வந்தா வரட்டும். கொழாயோட கடைசிப் பாகமே இந்த மூலைதானே. ரெண்டு செவுரும் தரையும் சேந்தாத்தான் வாய். அதுல சந்து விட்டா சத்தம் எப்படி நிக்கும்?"

கையில் எடுத்த இட்லி கையிலேயே இருந்தது. இதையும் நான் புத்தகத்தில் படித்தவன்தான். சைகோனில் மரைக்காயர் அந்தப் பெட்டியை வெள்ளைக்காரன் சொன்னபடி மூலையில் ஒட்டி வைத்திருக்கிறார். காரைக்காலுக்கு வந்ததும் வீட்டிலுள்ளவர்கள் அதைப் பீரோவுக்குச் செய்கிற மரியாதையோடு செங்கல்மேல் ஏற்றி, சுவரிலிருந்து தள்ளி நிறுத்திவிட்டார்கள். கனத்த சத்தமெல்லாம் அந்தச் சாண் இடைவெளியில் ஒழுகிப் போயிருக்கிறது. அதைக் கண்ணால் பார்த்துவிட்டு மெச்சியவன் நான்.

மூன்றாம் நாள் கோவிந்தசாமி ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, காரைக்கால்மேட்டில் படகு தள்ளுகிற இரண்டு ஆட்களோடு வந்தார். பெட்டியைச் செங்கல்லிலிருந்து இறக்குவதற்கு மரைக்காயரின் மனைவி சம்மதிக்க வேண்டியிருந்தது. வீடு அவருடையது, சுவரும் அவருடையது. மழைக்காலத்தில் கரையான் அரித்தால் யார் பொறுப்பு என்று திரைக்குப் பின்னாலிருந்து கேட்டார். நியாயமான கேள்வி. மாசம் ஒருமுறை நகர்த்தி வேப்பெண்ணெய் தடவ நானே வருகிறேன் என்று கோவிந்தசாமி பொறுப்பேற்ற பிறகு உத்தரவு கிடைத்தது. ஆட்கள் ஐலேசா போட்டுப் பெட்டியை மூலையில் தள்ளிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள். மிச்சமிருந்த இடுக்கில் கோவிந்தசாமி சாக்கை மடித்து மடித்துச் செருகினார்.

மணி நாலு இருக்கும். மரைக்காயர் தட்டைப் போட்டார். இந்தத் தடவை நானே அவர் கையைப் பிடித்துச் சத்தத்தைப் பாதியில் நிறுத்தினேன். மிருதங்கம் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கோட்டுச்சேரிப் பத்தாயம் எல்லா அடியையும் ஒரே சுருதியில் முழங்கும். இதில் ஒவ்வொரு அடிக்கும் அதனதன் கனம் தனியாகத் தெரிந்தது, விரல் அழுத்தி வழுக்குகிற கும்கிகூடத் தெரிந்தது. கோவிந்தசாமி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, நம்ம பத்தாயம் கொஞ்சம் பட்டிக்காடுதாண்ணே என்று ஒப்புக்கொண்டார். உள்ளே பாத்திரம் அதிர்கிறது, மேளம் அடுப்பங்கரை வரைக்கும் வருகிறது என்று மரைக்காயர் மனைவியின் சாட்சியம் வந்தது.

மரைக்காயரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தாளம் போட்டார், தலையை ஆட்டினார், என் முதுகில் ஒன்று வைத்தார். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

தட்டின் கடைசியில் மிருதங்கம் முடிவுத் தீர்மானம் வைத்து நின்றுவிடும். அதற்குப் பிறகு குழல் மட்டும் தனியாக, மேலே மேலே போய், மெல்லிய இழையாகக் கொஞ்ச நேரம் நிற்கும். அந்தத் தட்டில் எனக்குப் பிடித்த இடமே அதுதான். மிருதங்கம் நின்றது. குழல் மேலே ஏறத் தொடங்கியது. மரைக்காயர் திருப்தியாக ஒரு பெருமூச்சு விட்டு, எழுந்துபோய், ஊசியை எடுத்து வைத்துவிட்டார்.

குழல் பாதியில் அறுந்தது. கோவிந்தசாமி என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். கோட்டுச்சேரியில் நான் அவருடைய கையை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னது, ரோட்டில் அடித்த சைக்கிள் மணி, திரைக்குப் பின்னாலிருந்து வந்து பதில் கிடைக்காமல் போன கேள்வி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என்மேல் விழுந்தன. மேல் சத்தம் அவர் காதில் போய்விட்டது. கீழ்ச் சத்தம் செங்கல்லில் போயிருந்தது. இரண்டும் சேர்ந்துதான் அவருக்குப் பெட்டி ஊமையாகியிருக்கிறது. நான் ஒரு பாதியைச் சரிசெய்துவிட்டு முழுசுக்கும் ஜவாப்தாரி என்று சொல்லிவிட்டேன்.

"ஏன், இன்னும் வாசிச்சிக்கிட்டு இருந்தாரா?" என்று மரைக்காயர் என்னைக் கேட்டார்.

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஆமாம் என்றேன்.

அவர் ஊசியை மறுபடி அதே இடத்தில் வைத்தார். குழல் போனது. அவர் குனிந்து காதைப் பெட்டித் துணியோடு ஒட்டிவைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். இப்போது இருக்கிறதா என்று புருவத்தால் கேட்டார். நான் தலையாட்டினேன். இப்போது? தலையாட்டினேன். தட்டு முடிந்து வெறும் சுற்று வந்ததும் கையைக் காட்டினேன். அவர் ஊசியை எடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து மனைவி பேசினார். எங்களிடம்தான் பேசினார், மரைக்காயருக்குக் கேட்காது என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது.

"எனக்கு ஒரு வருசமாத் தெரியும்ங்க தம்பி. ஊருக்குள்ள தெரிஞ்சிடுமோன்னு அவங்க பயப்படுறாங்கன்னு நானும் தெரியாத மாதிரியே இருந்துட்டேன்."

அதைத் திருப்பிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மரைக்காயர் மடியில் வைத்திருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பொதுவாக, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"அடுத்த மாசம் எங் கூடப்பொறந்த தம்பிய வச்சுச் சம்மதம் கேட்டுக்கச் சொல்லுங்க. நான் பின்னால நின்னுக்குறேன்."

உள்ளே தாயும் மகளும் ஏதோ தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். வேண்டாம்டி, ஆம்பிளைங்க இருக்காங்க என்று தாய் சொன்னது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அப்புறம் திரை விலகுகிற வளையச் சத்தம். கோவிந்தசாமியும் நானும் யாரும் சொல்லாமலே எழுந்து, பெட்டி நின்ற மூலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டோம். இரண்டு வளர்ந்த ஆண்கள், தண்டனை வாங்கிய பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரி சுவரைப் பார்த்து நின்றோம்.

கால் சத்தம் கூடத்தைத் தாண்டி நாற்காலிவரை போய் நின்றது. "என்ன பாருங்க வாப்பா," என்று அந்தப் பெண் கொஞ்சம் உரக்கச் சொன்னாள். "எம் மொகத்தப் பாருங்க. அன்னைக்கும் நீங்கதான் கேக்கணும். திரைய வெலக்கிட்டு நீங்க மட்டும் உள்ள வாங்க. நான் இப்படி முன்னால நின்னு, வாய் அசையிறது தெரியச் சொல்றேன்."

நாற்காலி நகர்ந்தது. மரைக்காயர் எழுந்துவிட்டார் என்று தெரிந்தது.

"இப்பவே ஒருதடவ சொல்லும்மா. தெரியுதான்னு பாத்துக்குறேன்."

அவள் சொன்னாள். கல்யாணப் பெண் சொல்கிற குரலில்தான் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. ரேடியோவில் ஒரு சின்னக் கரகரப்பைக்கூடக் கண்டுபிடித்துவிடுகிற காது என்று தொழிலில் எனக்குப் பெயர். நாலு அடி தூரத்தில் நின்ற எனக்கு அவள் சொன்னது காதில் விழவில்லை. பக்கத்தில் நின்ற கோவிந்தசாமிக்கும் விழவில்லை.

"கேட்டுச்சும்மா," என்றார் மரைக்காயர்.